வால்வைச் சாத்தினால் தெரியும் ஆழம்

மோட்டாரைப் பிரிக்கும் முன்பே அது எதனால் செத்தது என்று சொல்லிவிடுவார் எங்கள் கடை முதலாளி. நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பல்லடத்தில் அவருடைய காயில் கட்டும் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, சப்மெர்சிபிள் மோட்டாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது ஆறரை இஞ்ச் போருக்குள் இறங்கும் என்பது மட்டும்தான். டெம்போவிலிருந்து இறக்கி வைத்ததும் அண்ணன் வெட்டிய கேபிள் நுனியை முகர்ந்து பார்ப்பார். ஷாஃப்டைக் கையால் சுற்றுவார். பிரித்தால் அவர் சொன்னதுதான் உள்ளே இருக்கும். மூன்று பேஸில் இரண்டு கருகி ஒன்று மட்டும் பளிச்சென்று தப்பியிருந்தால் சிங்கிள் பேசிங். மூன்றும் ஒரே சீராக வெந்திருந்தால் வோல்டேஜ் குறைவு, இல்லையென்றால் தாங்காத லோடு. இம்பெல்லரின் விளிம்பு கையை வெட்டும் அளவுக்கு மெலிந்திருந்தால் போரில் மணல்.

அவர் அதிக நேரம் பார்ப்பது மோட்டாரின் அடிப்பாகத்தைத்தான். தண்ணீர் நிரப்பி ஓட்டும் மோட்டாரில் ரோட்டரின் எடையும், பம்ப் தண்ணீரை மேலே தள்ளும்போது ஷாஃப்டின் வழியாகக் கீழே வருகிற பாரமும் சேர்ந்து ஒரு சின்னத் தட்டின்மேல் உட்காருகின்றன. திரஸ்ட் பேரிங் என்பது அதுதான். ஒரு பக்கம் கார்பன், எதிரே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டுகள். எண்ணெய் கிடையாது, கிரீஸ் கிடையாது. மோட்டார் வேகம் எடுத்ததும் இரண்டுக்கும் நடுவே தண்ணீர் மெல்லிய படலமாகப் புகுந்து பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். வேகம் எடுக்கும்வரையிலான அந்தச் சிறு பொழுது மட்டும் கார்பனும் ஸ்டீலும் நேருக்கு நேர் உரசும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போட்டு அணைக்கிற தோட்டத்து மோட்டாரில் இந்த உரசல் ஒரு பொருட்டே இல்லை. பல வருடம் ஓடிய பிறகும் அந்த ஸ்டீல் துண்டில் முகம் பார்க்கலாம்.

2003 கோடையில் ஒரு கோழிப்பண்ணையிலிருந்து வந்த அஞ்சு எச்.பி. மோட்டாரில் முகம் பார்க்க முடியவில்லை. ஸ்டீலில் வட்டவட்டமாகக் கோடு விழுந்திருந்தது. கார்பன் ஒரு ஓரம் உடைந்து, மீதி கரிக்குழம்பாக அடியில் கிடந்தது. பம்பையும் மோட்டாரையும் இணைக்கிற ஸ்பிளைனின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தன. மோட்டார் இறக்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"ஏனுங்க, இந்தப் போருக்குப் பிரஷர் டேங்க் ஏதாச்சும் மாட்டியிருக்கீங்ளா?" என்றார் அண்ணன்.

"ஆமாங்ணா, செவப்புக் கலர்ல சின்னதா ஒண்ணு. எப்படிங் கண்டுபுடிச்சீங்க?"

பல்லடத்தைச் சுற்றிக் கோழிப்பண்ணைகள் எவ்வளவு என்று இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பண்ணையில் பத்தாயிரம் கறிக்கோழிகள். குடிக்க நிப்பிள் குழாய், வெயில் ஏறினால் கொட்டகைக்குள் பனிபோலத் தெளிக்க ஃபாகர். நிப்பிளுக்கு அழுத்தமே வேண்டாம், ஒரு ரெகுலேட்டர் வைத்துக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஃபாகருக்கு மூன்று கிலோ அழுத்தமாவது இருந்தால்தான் தண்ணீர் புகையாகப் பிரியும். குறைந்தால் சொட்டு சொட்டாக விழுந்து கீழே இருக்கிற உமி நனைந்து நாறிவிடும். மூன்று கிலோவுக்கு மேல்நிலைத் தொட்டி கட்டுவதென்றால் நூறடி உயரம் வேண்டும். அதனால் போர் மோட்டாரிலிருந்தே நேராக அழுத்தம் எடுக்கலாம் என்று யாரோ யோசனை சொல்லி, ஒரு பிரஷர் ஸ்விட்சும் 24 லிட்டர் டேங்கும் வாங்கி மாட்டிவிட்டார்கள். இரண்டு கிலோவுக்கு இறங்கினால் மோட்டார் ஓடும், மூன்றரை வந்தால் நிற்கும்.

அந்த டேங்க் எங்கே இருக்க வேண்டியது என்றால், மாடி வீட்டுக் குளியலறைக்காக வைக்கும் அரை எச்.பி. பூஸ்டர் பம்பின் பக்கத்தில். உள்ளே ரப்பர் பை, பைக்கு வெளியே காற்று. 24 லிட்டர் என்று எழுதியிருந்தாலும் 24 லிட்டரும் தண்ணீராக வெளியே வராது. பெரும்பகுதி காற்றுக்கான இடம். இரண்டுக்கும் மூன்றரைக்கும் நடுவே அது தரக்கூடியது சுமார் 8 லிட்டர், அதுவும் காற்று சரியாக அடித்திருந்தால். பத்தாயிரம் கோழிகள் கோடையில் நாளொன்றுக்கு மூவாயிரம் லிட்டர் குடிக்கும். எட்டு எட்டு லிட்டராகக் கொடுத்தால் மோட்டார் ஒரு நாளில் 300 தடவைக்கு மேல் எழுந்து உட்கார வேண்டும். அந்தப் பம்ப் நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளும். ஆக ஒவ்வொரு தடவையும் எட்டு நொடி ஓட்டம். ஓடும்போது 9 ஆம்ப்ஸ் எடுக்கிற மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதில் காயிலுக்கு ஏறும் சூடு தணியும் முன் நின்றுவிடும், மறுபடி கிளம்பும்.

போர் மோட்டார் ஒருமுறை கிளம்பினால் குறைந்தது ஒரு நிமிடம், ஒன்றரை எச்.பி.யும் அதற்கு மேலும் என்றால் இரண்டு நிமிடம் ஓட வேண்டும் என்பது மோட்டார் செய்கிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நிமிடத்துக்கு 60 லிட்டர் பம்புக்கு 120 லிட்டர் சேர்த்துவைக்க இடம் வேண்டும். அதற்கு டேங்கின் மொத்த அளவு 350 லிட்டரைத் தாண்டும். பண்ணைக்காரர் கணக்கைக் கேட்டுவிட்டு, "நல்ல கம்பெனி ஸ்விட்சா ஒண்ணு போட்டா சரியாப் போயிராதுங்ளா?" என்றார். மோட்டார் அடிக்கடி ஓடுவதற்கு ஸ்விட்ச் காரணம் என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஸ்விட்ச் பாவம், சொன்னதைச் செய்கிறது.

காயில் கட்டி, பேரிங் மாற்றி, மோட்டாரைத் திரும்ப இறக்கப் போனபோது அண்ணனும் கூட வந்தார். அவர் கையில் இருந்தது 21 கிலோ வரை காட்டும் ஒரு பிரஷர் கேஜ். போர் வாயில் ஜி.ஐ. பைப்பில் டீ போட்டு அதை மாட்டினார். அதற்கு அடுத்து ஒரு கேட் வால்வு. மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் தெளிந்து வந்ததும், வால்வை மெதுவாகச் சாத்தச் சொன்னார். பண்ணைக்காரர் பதறிப்போய், "லோடு ஆயிருமுங்ணா, காயில் போயிரும்" என்றார். ஆம்ப்ஸ் மீட்டரைப் பாருங்கள் என்று அண்ணன் கை காட்டினார். வால்வு மூட மூட முள் ஏறவில்லை. 9 இல் இருந்து 8, 7 என்று இறங்கி 6 பக்கம் போய் நின்றது. தள்ளுவதற்குத் தண்ணீர் குறைந்தால் இந்த வகைப் பம்புக்கு வேலையும் குறைவு. வால்வைச் சாத்தினால் மோட்டார் திணறும் என்கிற நம்பிக்கை கொங்கு நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நானும் எத்தனையோ பேருக்கு மீட்டரைக் காட்டிப் பார்த்துவிட்டேன்.

அண்ணன் பார்க்க வந்தது அதையல்ல. வால்வு முழுதாக மூடியதும் பிரஷர் கேஜ் 8 கிலோவில் நின்றது. சட்டென்று வால்வைத் திறந்துவிட்டுத் தரையில் குச்சியால் எழுதினார். அந்தப் பம்ப் வால்வு மூடிய நிலையில் 750 அடி வரை தள்ளும் என்று கம்பெனி சார்ட்டில் இருந்தது. ஒரு கிலோ என்பது 33 அடி. எட்டு கிலோ 265 அடி. 750 இல் 265 போக மீதி 485. போருக்குள் தண்ணீர் 485 அடியில் நிற்கிறது. கயிறு விடவில்லை, கண்ணாடியில் வெயிலைப் பிடித்து உள்ளே அடித்துப் பார்க்கவில்லை. பம்ப் தேய்ந்திருந்தாலோ கரண்ட் குறைவாக இருந்தாலோ இந்தக் கணக்கு பிசகும், ஆனால் புது இம்பெல்லருக்கு அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

ஆழ்துளைக் கிணற்றில் அழுத்தம் என்று நாம் மேலே பார்ப்பது, ஆழம் தின்றது போக மிஞ்சியது. கேட்டலாக்கில் இருக்கும் பிரஷர் ஸ்விட்ச், டேங்க், கன்ட்ரோலர் எதுவும் அந்த ஆழத்தை அறியாது. ஆழமோ ஒரே இடத்தில் நிற்பதில்லை. அந்தப் பண்ணை பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் (பி.ஏ.பி.) வாய்க்காலுக்குப் பக்கம். பாசனப் பரப்பை நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். தண்ணீர் வருகிற வருடம் போர் மட்டம் மளமளவென்று ஏறும். வராத வருடம் மழையும் பொய்த்தால் பாதாளத்துக்குப் போகும். அண்ணன் பண்ணைக்காரரிடம் கேட்ட கேள்விகள் இரண்டே இரண்டு: மோசமான கோடையில் தண்ணீர் எந்த அடிக்கு இறங்கும், நல்ல மழையில் எந்த அடிக்கு ஏறும்? முதலாவது 560, அடுத்தது 200 என்று அவர் சொன்னார். போர் ஓட்டியபோதும் மோட்டார் தூக்கியபோதும் பார்த்த ஞாபகம். வாய்ஞாபகமாக இருந்தாலும் தோட்டக்காரர்கள் இந்த விஷயத்தில் பெரிதாகத் தப்ப மாட்டார்கள்.

அந்த இரண்டு எண்களை 750 இல் கழித்துப் பாருங்கள். கோடையில் 190 அடி, ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மழையில் 550 அடி, கிட்டத்தட்ட 17 கிலோ. ஒரே பம்ப், ஒரே போர், ஒரே டெலிவரி பைப். கொட்டகை வரை அவர் புதைத்திருந்ததோ ஆறு கிலோ தாங்கும் பி.வி.சி.

"அழுத்தத்தைப் போர்கிட்டக் கேக்காதீங்க. அது தண்ணியை மேல கொண்டாந்து ஒரு தொட்டியில ஊத்தட்டும். தொட்டிகிட்ட ஒரு எச்.பி.ல பூஸ்டர் வெச்சு, அதுக்குப் பக்கத்துல உங்க செவப்பு டேங்க்கை மாட்டுங்க" என்றார் அண்ணன். பண்ணைக்காரருக்கு மனசில்லை. ஒரு மோட்டாருக்கே இந்தப் பாடு, இரண்டு மோட்டார் வைத்தால் இரண்டு பஞ்சாயத்து என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் பெரிய டேங்க் ஒன்றை வாங்கினார். ஸ்விட்ச் வழியாக மோட்டார் கரண்ட் நேராகப் போய்க்கொண்டிருந்ததை மாற்றி, ஸ்விட்ச் கான்டாக்டர் காயிலை மட்டும் இயக்கும்படி நான் வயரிங் செய்தேன். பழைய ஸ்விட்சைத் திறந்தால் வெள்ளிப் பாயிண்டுகள் கருகிக் குழிவிழுந்திருந்தன. இன்னும் கொஞ்ச நாளில் ஒட்டிக்கொண்டு விடாமல் போயிருக்கும். ரிலீஃப் வால்வு ஒன்றும் போடச் சொன்னார் அண்ணன். அது பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போனது.

இடையில் ஒரு நாள் பண்ணையில் பேய் என்று தகவல் வந்தது. விடிய விடிய யாரும் தண்ணீரைத் தொடாத நேரத்தில் மோட்டார் தானாக ஓடி நிற்கிறதாம். கொட்டகைக்குக் கோழி இறக்காத வாரம் அது, நிப்பிளில்கூட ஓட்டம் இல்லை. காவலுக்கு இருந்தவர் பயந்துபோய் வெளியே படுத்துக்கொண்டார். மெயின் வால்வை மூடிவிட்டு கேஜைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முள் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. கீழே பம்பை ஒட்டி இருக்கிற நான்-ரிட்டர்ன் வால்வில் மணல் மாட்டி, டேங்கில் ஏறிய தண்ணீர் திரும்பப் போருக்கே போய்க்கொண்டிருந்தது. பேயைவிட மோசமான விஷயம் இது. இறங்குகிற தண்ணீர் வேகமாக இருந்தால் பம்பைத் தலைகீழாகச் சுற்றும். அந்த நேரம் பார்த்து மோட்டார் கிளம்பினால் ஷாஃப்ட் முறியும், காலம் பைப் மரை கழன்றுகொள்ளும். பைப்பைத் தூக்கி வால்வை மாற்றினோம். இந்த முறை நடுவில் கூடுதலாக ஒன்று போட்டோம்.

2005 ஐப்பசி, கார்த்திகை மழை தமிழ்நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது. பல வருட வறட்சிக்குப் பிறகு கிணறுகள் நிரம்பின. சில இடங்களில் போர் வாயிலேயே தண்ணீர் தெரிந்தது. கார்த்திகையில் ஒரு காலை, பண்ணையில் பைப் வெடித்து கொட்டகை ஓரம் முழுக்கச் சேறு. ஒரு எல்போ ஜாயின்ட்டோடு பிய்ந்து வேலியைத் தாண்டி விழுந்திருந்தது. மூன்றரை கிலோவில் நிற்க வேண்டிய மோட்டார் ஏன் நிற்கவில்லை என்று ஸ்விட்சைக் கழற்றினேன். ஸ்விட்சில் பழுது இல்லை. மெயின் பைப்பிலிருந்து ஸ்விட்சுக்குப் போகிற கால் இஞ்ச் பைப் நிப்பிளுக்குள் சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிட்டது. கம்பியை விட்டுக் குத்தினாலும் உள்ளே போகவில்லை. இந்தப் பக்கத்துப் போர் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு அது என்ன என்று புரியும். பைப்புக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, ஸ்விட்சுக்கு அது போய்ச் சேரவே இல்லை. வறட்சிக் காலத்தில் இதே அடைப்பு வந்திருந்தால் ஆறு கிலோவோடு நின்றிருக்கும், பைப்பும் தப்பியிருக்கும். மழைக்காலம் என்பதால் 17 கிலோவை நோக்கிப் போனது.

அன்று ரிலீஃப் வால்வு போட்டோம். ஐந்து கிலோவில் திறந்து, பம்ப் தள்ளுகிற முழு அளவையும் வெளியேற்றும் அளவுக்குப் பெரியது. அரை இஞ்சில் ஒன்றைச் சம்பிரதாயத்துக்கு வைத்தால் பிரயோஜனமில்லை. நிப்பிளை எடுத்துவிட்டு அரை இஞ்சுக்கு மாற்றி, நடுவில் ஒரு பால் வால்வு வைத்து, மாதம் ஒரு தடவை திறந்து கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். வீட்டுப் பம்புக்கு வரும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர்களை இப்போது பலர் போர் லைனில் மாட்டக் கேட்கிறார்கள். விலை குறைவு, தண்ணீர் இல்லையென்றால் தானே நிறுத்தவும் செய்யும். ஆனால் அவற்றில் பல 10 கிலோவுக்கு மேல் தாங்காதவை. கோடையில் வாங்குகிறவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

அண்ணன் ஓய்வெடுத்துக்கொண்டு கடை என் கைக்கு வந்த பிறகு, 2017 இல் பண்ணைக்காரரின் மகன் வந்தார். முந்தின வருடம் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்து, தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்திருந்தது. போர் மட்டம் மறுபடி 560 அடிக்குப் போயிருந்தது. அந்தத் தம்பி வி.எஃப்.டி. டிரைவ் ஒன்றை விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அழுத்தம் ஒரே சீராக இருக்கும், மோட்டார் மெல்லக் கிளம்பும், கரண்ட் பில் பாதியாகும் என்று விற்கிறவர் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டும் உண்மை. அந்தக் கருவிமேல் எனக்கு மரியாதை உண்டு. மோட்டார் மெல்லக் கிளம்புவதால் ஸ்பிளைனும் காலம் பைப்பும் பிழைத்துக்கொள்கின்றன.

மூன்றாவதுதான் சிக்கல். டிரைவ் கரண்டின் ஹெர்ட்ஸைக் குறைத்து மோட்டார் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்தால் தண்ணீர் அதே விகிதத்தில் குறையும், ஆனால் தள்ளும் உயரம் வர்க்கத்தில் குறையும். 50 ஹெர்ட்ஸில் 750 அடி தள்ளுகிற பம்ப், 40 இல் 480 அடிதான் தள்ளும். தண்ணீரே 560 அடியில் இருக்கும்போது 40 ஹெர்ட்ஸில் மேலே ஒரு சொட்டு வராது. மோட்டார் மட்டும் உள்ளே சுற்றிக்கொண்டு, பம்பில் இருக்கும் தண்ணீரைக் கடைந்து சூடாக்கும். அதோடு மேலே மூன்று கிலோவும் வேண்டுமென்றால் 47 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகவே முடியாது. 47 இலிருந்து 50 வரை மூன்று ஹெர்ட்ஸ் இடைவெளியில் என்ன பெரிய மிச்சம்? 2005 மாதிரி 200 அடியில் தண்ணீர் நிற்கும் வருடத்தில் 32 ஹெர்ட்ஸ் வரை இறக்கலாம், அப்போது பில் குறைவது கண்ணுக்குத் தெரியும். அதற்கும் கீழே இறக்கக் கூடாது. 30 க்குக் கீழே திரஸ்ட் பேரிங்கில் அந்தத் தண்ணீர்ப் படலம் நிற்காது. போதாததற்கு, டிரைவிலிருந்து மோட்டார் வரை அறுநூற்றுச் சொச்சம் அடி கேபிள். அவ்வளவு நீளத்தில் மோட்டார் முனையில் வோல்டேஜ் எகிறிக் காயில் இன்சுலேஷனைத் தாக்கும். அதற்கென்று ஒரு சோக் தனியாக வாங்க வேண்டும். விலைப்பட்டியலில் அது இல்லை.

தம்பி படித்தவர், காகிதத்தில் எழுதிக் காட்டியதும் பிடித்துக்கொண்டார். முன்பணம் கொடுத்த டிரைவைச் சின்னதாக மாற்றி வாங்கிக்கொண்டு, பதினாலு வருடத்துக்கு முன் அண்ணன் சொன்ன தொட்டியைக் கட்டினார். போர் மோட்டார் கேட் வால்வில் அளவு வைத்து, போர் ஊறுகிற வேகத்துக்கு மேல் போகாமல், ஒரே மூச்சில் மணிக்கணக்கில் ஓடித் தொட்டியை நிரப்புகிறது. தண்ணீர் மட்டம் இறங்கினால் நிறுத்த டிரை ரன் ரிலே. தொட்டிக்குப் பக்கத்தில் பூஸ்டர், அதில் அந்தச் சின்ன டிரைவ். அங்கே தூக்க வேண்டிய ஆழம் என்று ஒன்று இல்லாததால், அழுத்தத்துக்கு ஏற்ப வேகத்தை ஏற்றி இறக்குவது அழகாக நடக்கிறது. பில்லில் குறைந்ததும் அந்தப் பூஸ்டரால்தான்.

அடுத்த சித்திரையில் போன் வந்தது. அழுத்தம் எல்லாம் சரிதான், ஆனால் கோழி தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறது. போரிலிருந்து நேராக வந்தபோது தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. இப்போது வெயிலில் நிற்கும் தொட்டியில் மத்தியானத்துக்குள் வெந்நீர். கோழி தண்ணீர் குடிக்கவில்லை என்றால் தீவனமும் எடுக்காது, எடை ஏறாது. "அப்பா அப்பவே சொன்னாருங்ணா, ரெண்டு பஞ்சாயத்துன்னு" என்றார் தம்பி. தொட்டியைச் சுற்றி மண் அணைத்து, மேலே தென்னங்கீற்றுக் கூரை போட்டு, கொட்டகைக்குப் போகும் பைப்பை இரண்டடி ஆழத்தில் புதைத்தோம். மத்தியானத்தில் மட்டும் போர் மோட்டாரை இன்னொரு தடவை ஓட்டிப் புதுத் தண்ணீர் விடும்படி டைமரில் நேரம் வைத்தேன். அந்த வருடம் கோழி தப்பித்தது. டைமர் இடி விழுந்து போய்விட்டதாக ஆடியில் மறுபடி கூப்பிட்டார்.